திறந்தவர் மூடுவதா, அடுத்தவர் மூடுவதா

கம்பத்தில் ஒரு திராட்சை மண்டிக்கு, எடை போட்டு பில் அடிக்கும் மென்பொருளை நானும் என் வீட்டுக்காரரும் சேர்ந்து எழுதினோம். அல்லிநகரத்தில் எங்கள் வீட்டு மாடி அறைதான் ஆபீஸ். தராசோடு பேசும் பகுதி என்னுடையது. திரையும் பில்லும் அவருடையது. அவர் பகுதி தராசை நேராகத் தொட முடியாது. ஒவ்வொரு விவசாயியின் சரக்கு வரும்போதும் என் பகுதியிடம் கேட்க வேண்டும். நான் ஒரு எண் கொடுப்பேன். எங்கள் தொழிலில் அதற்கு ஹேண்டில் என்று பெயர். அதைக் காட்டினால் எடையைச் சொல்வேன். வேலை முடிந்ததும் அதை மூட வேண்டும். மூடினால்தான் அதே எண்ணை இன்னொருவருக்குக் கொடுக்க முடியும்.

இவ்வளவுதான் விஷயம். இதற்குத்தான் அத்தனை சண்டை.

மண்டிதான் எங்கள் முதல் வேலை. இது நிலைக்காவிட்டால் அவர் சென்னையில் விட்டுவந்த வேலைக்கே திரும்புவதாகப் பேச்சு. பழைய கம்பெனியும் விடாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. கல்யாணமான நாளிலிருந்து அந்த வேலையை விடும்வரை அவர் அங்கே, நான் இங்கே. வீடியோ காலில் குடும்பம் நடத்தி எனக்கு அலுத்துப்போயிருந்தது.

முதல் நாள் காலையில் நன்றாக ஓடியது. கூட்டம் ஏறிய நேரம் பார்த்துத் தராசு நின்றுவிட்டது. என்னிடமிருந்த எண்கள் எல்லாம் தீர்ந்துபோயிருந்தன. கொடுத்ததில் ஒன்றுகூட மூடப்படவில்லை.

"ஏங்க, வாங்கினதை மூட மாட்டீங்களா?"

"நான் எதுக்கு மூடணும்? அடுத்ததைத் திறக்கையில நீதான முந்தினதை அடைக்கணும்?"

எனக்குக் கோபம் தலைக்கேறியது. அவர் ஊரில் பங்காளிகளுக்குள் பங்குக் கிணறு. முறை வந்தவர் போய், முந்தினவர் மடையை அடைத்துவிட்டுத் தன் மடையைத் திறந்துகொள்வார். பெரியகுளத்தில் எங்கள் மாந்தோப்புக்குத் தனி போர்வெல். மோட்டாரைப் போட்டவர்தான் நிறுத்த வேண்டும். மறந்தால் அப்பாவிடம் திட்டு. கம்ப்யூட்டர் படித்து என்ன, ஆளுக்கொரு தோட்டத்தை மனதில் வைத்தே எழுதியிருக்கிறோம். யார் மூடுவது என்பதில் பேச என்ன இருக்கிறது என்று எழுதும்போதே இருவரும் விட்டிருக்கிறோம்.

அன்று பேச்சுவார்த்தை இல்லாமலே திருத்தினோம். போகட்டும் என்று, அவர் சொன்னபடியே புது எண் கொடுத்த கையோடு முந்தினதை மூடும்படி நான் மாற்றினேன். அவரும் நான் சொன்னபடியே தன் பக்கத்தில் மூடும்படி மாற்றிவிட்டார். இறங்கிப்போனதை ஒருவரிடம் ஒருவர் சொன்னால் கௌரவம் என்ன ஆவது!

மறுநாள் இன்னும் மோசம். அவர் மூடிய எண் காலியாக இருந்ததால் அதையே அடுத்த விவசாயிக்குக் கொடுத்தேன். கையோடு 'முந்தினதை' மூடினேன். இரண்டும் ஒரே எண். பழம் தராசில் இருக்கும்போதே எடை வருவது நின்றுபோனது. மண்டிக்காரர் போனில் கத்தினார்: "தம்பி, ரெண்டு பேரு பழத்தை ஏத்திக்கிட்டு வேற மண்டிக்குப் போயிட்டாக. நாளைக்கு ஒரு நாள் பாப்பேன். அப்புறம் இது வேணாம்."

சாப்பிடும்போதுதான் இருவரும் உண்மையைச் சொன்னோம். எனக்குச் சிரிப்பு வந்து புரையேறியது. வாங்குகிறவரே மூடுவது என்று முடிவானது. நான் சேர்த்ததை அழித்தேன். ஜெயித்தது நான்தான் என்று சொல்லாமல் இருக்க ரொம்பக் கஷ்டப்பட்டேன்.

அடுத்த நாள் முழுக்க போன் வரவில்லை. பயமாகத்தான் இருந்தது. சாயங்காலம் மண்டிக்காரரே கூப்பிட்டார். "தம்பி, இன்னொரு தராசு சொல்லியிருக்கேன். அதையும் இதுல சேத்து விடுங்க."

என் வீட்டுக்காரர் அதே கையோடு சென்னைக்கு, பழைய கம்பெனிக்குப் போன் போட்டார். எப்போது வந்து சேருவீர்கள் என்று கேட்டார்கள் போலிருக்கிறது.

"வரல சார். வீடு இங்கன இருக்கு."

எனக்கு அழுகை வந்துவிட்டது. சந்தோஷத்தில்தான்.