மடியில் வைத்துப் பார்த்த இத்தாலி

போன வியாழக்கிழமை காலையில் ஒருவர் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். கையில் இந்தப் பத்தியின் போன வாரத்துக் கட்டிங். கைலியெல்லாம் சிவப்பும் நீலமுமாகப் பெயின்ட். யாரோ வாசகர் பாராட்ட வந்திருக்கிறார் என்று அவசரமாகச் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே வந்தேன். பத்தி எழுதுகிறவனுக்கு அந்த நப்பாசை மட்டும் போகவே போகாது!

பெயர் காசிம் பாய். பாலக்கரைப் பக்கம் ஒரு தியேட்டருக்கு இருபது வருஷமாக சினிமா பேனர் வரைகிறவர். ஸ்ரீரங்கம் வரை பஸ்சில் வந்து, மொட்டைக் கோபுரத்தடியில் இறங்கி, நாலு பேரை விசாரித்து என் வீட்டைப் பிடித்திருக்கிறார். காபி கொடுத்தேன். நிதானமாகக் குடித்து முடித்துவிட்டு, "நீங்க எழுதுனதால என் பொழப்பு போகப் போகுது சார்" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் என்ன எழுதினேன்?

இரண்டு மாதமாக இங்கே ஐரோப்பிய ஓவியர்களின் கதையை அளந்துகொண்டிருக்கிறேன் அல்லவா... யாருக்கு யார் மேல் காதல், யார் குளிரில் விறைத்துக்கொண்டு வரைந்தார், எந்தப் படத்தைப் பார்த்து எந்தச் சீமாட்டி முகத்தைச் சுளித்தாள் என்று? போன வாரம் ஓர் இத்தாலியப் பெரியவரைப் பிடித்துக்கொண்டேன். மாதா கோயில் ஒன்றில், உச்சிச் சுவரில் தேவதூதர்களை வரைந்தவர். பெயரைத் திரும்ப எழுதி அவரை மறுபடியும் சந்திக்கு இழுக்க மனசில்லை. அந்தத் தேவதூதர்களுக்கு நெற்றி ஏகத்துக்கு நீளம், தலை பெரிது. 'தள்ளாத வயசு. கண் மங்கிவிட்டது. அளவு தவறிவிட்டது, பாவம்!' என்று எழுதினேன்.

அதை எந்தப் புத்தகமும் சொல்லவில்லை. படத்தைப் பார்த்தேன், தோன்றியது, எழுதிவிட்டேன். உருகிப்போய் ஏழெட்டுப் பேர் கடிதம்கூடப் போட்டார்கள்.

அந்தக் கட்டுரை எங்கே போய் விடிந்தது தெரியுமா? தியேட்டருக்குப் புதிதாக வந்த மேனேஜரின் மேஜைக்கு! இதற்கு முன் ஏதோ கம்பெனியில் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தவராம். வெள்ளிக்கிழமை ரிலீஸ் ஆகும் படத்துக்குக் காசிம் பாய் வரைந்த பேனர் தியேட்டர் முற்றத்தில் காய்ந்துகொண்டிருந்தது. கதாநாயகியின் நெற்றியைப் பார்த்ததும் மேனேஜர் பதறிவிட்டார். பாய்க்குக் கண் போய்விட்டது, இதை ஏற்றினால் ஊரே சிரிக்கும், இனி மெட்ராசிலிருந்து ஆள் வரவழைத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு, சாட்சிக்கு என் கட்டுரையை எடுத்து நீட்டியிருக்கிறார்.

நான் ஏதோ சமாளிக்கப் பார்த்தேன். காசிம் பாய் கோபப்படவே இல்லை. மெதுவாகக் கேட்டார்.

"அந்த இத்தாலிப் படத்த நீங்க எங்க வச்சுப் பாத்தீங்க சார்?"

"புஸ்தகத்துலதான். மடியில வச்சுக்கிட்டு..."

"அவரு உங்க மடிக்கா வரைஞ்சாரு? சுவத்துக்குல்ல வரைஞ்சாரு."



அப்புறம்தான் விளக்கினார். உயரத்தில் இருக்கிற முகத்தைக் கீழே நின்று பார்த்தால் மேல்பாதி சுருங்கித் தெரியும். அதனால் நெற்றியை நீட்டித்தான் போட வேண்டும். அவர் வரைந்த முதல் பேனரில் இது தெரியாமல், போட்டோவில் உள்ளபடி கட்டம் பிரித்து அச்சு அசலாக வரைந்துவிட்டாராம். மேலே ஏற்றினால்... ஹீரோவுக்கு நெற்றியே காணோம்! ஒரு வாரம் தியேட்டர் பக்கம் தலைகாட்டவில்லையாம். அன்றைக்குச் சிரித்த ஊர் இன்றுவரை மறுபடி சிரித்ததில்லை என்றார்.

"அந்தப் பெரியவரும் சாரத்துல ஏறித்தானே வரைஞ்சிருப்பாரு? ஏறி வரைவாரு, எறங்கி நின்னு பாப்பாரு, திரும்ப ஏறுவாரு. எத்தன தடவையோ! அவரப் போயி கண்ணு தெரியலன்னு எழுதிட்டீங்களே சார்."

தன் பிழைப்பு தொங்கிக்கொண்டிருக்கிறது. அவர் எந்தக் காலத்து இத்தாலியருக்காகவோ வருத்தப்படுகிறார். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. ஆபீசுக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டு அவரோடு தியேட்டருக்குக் கிளம்பினேன்.

முற்றத்தில் பேனரைப் பார்த்தேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். கதாநாயகியின் நெற்றியில் ஒரு ஆள் பாய் விரித்துப் படுக்கலாம். மோவாய் எலுமிச்சம்பழ அளவுகூட இல்லை. மேனேஜர் சொன்னது சரிதானோ? நழுவிவிடலாமா என்றுகூடத் தோன்றியது. காசிம் பாய் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மேனேஜர் என்னைப் பார்த்ததும் வெகு மரியாதையாக நாற்காலி போட்டார். நான் உட்காரவில்லை. ஒரே ஒரு தடவை மேலே ஏற்றிப் பார்க்கச் சொன்னேன்.

"இந்தக் கட்டுரைய எழுதினது நீங்கதானே சார்?" என்றார் மேனேஜர்.

"நான்தான். தெரியாம எழுதிட்டேன். ஏத்திப் பாருங்க."

அவருக்கு அரை மனசு. இருந்தாலும் தலையாட்டினார். நாலு பேர் கயிறு கட்டி இழுத்தார்கள். பேனர் மெல்ல மெல்ல மேலே போனது. மேனேஜரும் நானும் ரோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் போய் நின்றோம்.

என்னத்தைச் சொல்ல! ஏற ஏற அந்த நெற்றி அடங்கிக்கொண்டே வந்தது. கன்னம் கூடியது. மோவாய் எங்கிருந்தோ வந்து சேர்ந்தது. உச்சியில் போய் நின்றபோது அப்படி ஒரு முகம்... அந்தப் பெண்ணே நேரில் வந்திருந்தால்கூட இவ்வளவு அழகாக இருந்திருக்க மாட்டாள். உறையூர் டவுன் பஸ் ஒன்று வேகத்தைக் குறைத்தது. கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டே அண்ணாந்து பார்த்துக்கொண்டு போனார்.

மேனேஜர் ரோட்டைத் தாண்டிப் போய், கயிறு பிடித்தவர்களிடம், "கெட்டியாக் கட்டுங்கப்பா. காத்துல ஆடப்போகுது" என்றார்.

மெட்ராஸ் ஆளைப் பற்றி அதற்கப்புறம் பேச்சே இல்லை. காசிம் பாய் பேனரை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. பிரஷ்களை மண்ணெண்ணெயில் அலசிக்கொண்டிருந்தார். அவருக்குத்தான் தெரியுமே!

எனக்குத் தெரியாது. அதனால்தான் அங்கேயே கால் மணி நேரம் வாய் பிளந்து நின்றேன். யார் என்ன சொன்னாலும் சரி, எனக்கு அன்றைக்குத் தலைகால் புரியாத பெருமை. ஓவியர்களைத் தேடி இரண்டு மாதமாகக் கப்பலேறி இத்தாலிக்கும் பிரான்சுக்கும் மனசாலேயே போய்வந்துகொண்டிருந்தேன். காவிரிப் பாலத்தைத் தாண்டினால் பாலக்கரையில் ஒருத்தர் இருக்கிறார். இந்த ஊர்க்காரர்! இத்தாலியப் பெரியவரின் சுவர் ரகசியம் அவருக்குத் தெரிந்திருக்கிறது.

கிளம்பும்போது காசிம் பாய் ஒன்றே ஒன்றுதான் கேட்டுக்கொண்டார். தன்னைப் பற்றி எழுதாவிட்டாலும் பரவாயில்லையாம். அந்தப் பெரியவருக்குக் கண் நன்றாக இருந்தது என்று எழுதிவிட வேண்டுமாம்.

இதோ, எழுதிவிட்டேன். அவருக்குக் கண் நன்றாகத்தான் இருந்தது.

இப்போதெல்லாம் அந்தப் புத்தகத்தைப் பீரோ உச்சியில் சாய்த்து வைத்துவிட்டு, தரையில் உட்கார்ந்து பார்க்கிறேன். கழுத்து வலிக்கவில்லையா என்று வீட்டில் கேட்கிறார்கள். அன்றைக்கு அப்படி எழுதும்போது கைதான் வலிக்கவில்லை... கழுத்தாவது வலிக்கட்டும்!