உள்ளே விடும் ஒன்றரை இஞ்ச்

1. அரை இஞ்ச்

திருபுவனை தொழிற்பேட்டையில் ஓர் ஏற்றுமதி ஆடைத் தொழிற்சாலையில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், லைன் சூப்பர்வைசர் என் கையில் ஒரு சட்டையையும் இஞ்ச் டேப்பையும் கொடுத்தார். சட்டையை உள்பக்கம் திருப்பி, சைடு தையலுக்கு அப்பால் எவ்வளவு துணி நிற்கிறது என்று அளக்கச் சொன்னார். முக்கால் இஞ்ச் என்றேன்.

“எவ்ளோ இருக்கணும் தெரியுமாம்மா? அரை இஞ்ச். கால் இஞ்ச் சும்மா உள்ள கிடக்குது. ஒரு சட்டைக்கு கால் இஞ்ச்னா ஒரு கண்டெய்னருக்கு எவ்ளோ போவும்னு பாத்துக்க.”

அன்று மாலை பஸ்ஸில் உட்கார்ந்து அதைப் பெருக்கிப் பார்க்க முயன்றேன். ஒரு கண்டெய்னரில் எத்தனை சட்டை பிடிக்கும் என்று தெரியாததால் பாதியில் விட்டேன். ஆனால் அரை இஞ்ச் மட்டும் மனதில் பதிந்துவிட்டது. ஆறு வருடம் அங்கே செக்கராக இருந்தேன். உள்ளே அரை இஞ்சுக்கு மேல் துணி விட்ட எந்தச் சட்டையும் என் மேசையைத் தாண்டிப் போனதில்லை. அதைப் பெருமையாகவும் சொல்லிக்கொண்டேன்.

2. எக்ஸ்போர்ட் தையல்

கல்யாணமாகி பாகூருக்கு வந்த பிறகு பஜார் தெருவில் சொந்தமாக லேடீஸ் டெய்லர் கடை வைத்தேன். ஒரு மிஷின், துணி ஓரம் பிரியாமல் அடிக்க ஓர் ஓவர்லாக் மிஷின், ஒரு கட்டிங் மேசை, ஓர் அளவு நோட்டு. வாடிக்கையாளர் ஒவ்வொருவருக்கும் நோட்டில் ஒரு பக்கம். தேதி, மார்பு, இடுப்பு, கை நீளம், கழுத்து இறக்கம், துணி வந்த நாள், வாங்கிப் போன நாள். இன்று வரை பதினேழு நோட்டுகள் சேர்ந்திருக்கின்றன. முதல் நோட்டின் ஒன்பதாவது பக்கம் கடலோரப் பனித்திட்டிலிருந்து வந்த அஞ்சலையுடையது.

அவள் வந்தது கல்யாண ஜாக்கெட் தைக்க. அரக்குப் பட்டுப் புடவை, அதிலேயே ஒட்டி வந்த ஜாக்கெட் துணி. அப்போது அவளுக்கு மார்பு முப்பத்தொன்று. அளவு எடுக்கும்போது அவள் சொன்னாள், உள்ளே கொஞ்சம் துணி விட்டுத் தை அக்கா, பின்னால் பிரித்துக்கொள்ளலாம் என்று.

இந்தப் பக்கத்து வழக்கம் அதுதான். ஜாக்கெட்டின் சைடு தையலுக்குள் ஒன்றரை இஞ்ச் துணியை மடித்து விட்டு, இரண்டு மூன்று வரி தையல் போடுவார்கள். பிள்ளை பெற்று உடம்பு பூசினால் ஒரு வரியைப் பிரித்தால் போதும், அதே ஜாக்கெட் மறுபடியும் பொருந்தும். எல்லா மாஸ்டரும் செய்வது. நான் மட்டும் செய்யவில்லை.

“உள்ள துணி நின்னா அக்குள்ல உறுத்தும் அஞ்சல. இது எக்ஸ்போர்ட் தையல். வெள்ளைக்காரங்க போடற மாதிரி கச்சிதமா இருக்கும்” என்றேன். கூட வந்திருந்த அவள் தோழி தமிழ்ச்செல்வி கழுத்தை நொடித்தாள். அரை இஞ்ச் விட்டுத் தைத்து, ஓரத்தை ஓவர்லாக் அடித்து, மிச்சத் துணியைக் கழிவு மூட்டையில் போட்டேன். ஆவணியில் கல்யாணம் நடந்தது. ஜாக்கெட் சிலை மாதிரி பொருந்தியது என்று எல்லோரும் சொன்னதாக அஞ்சலையே வந்து சொன்னாள்.

அது சுனாமி வந்த வருஷம். தை மாதம் அவளுக்குத் தலைப் பொங்கல். அதற்கு உடுத்துவதற்காக, மார்கழியில் அந்தப் புடவையையும் ஜாக்கெட்டையும் மறுபடி என்னிடம் கொண்டுவந்தாள். புடவையின் அடி ஓரத்துக்கு ஃபால்ஸ் தைக்க வேண்டும், ஜாக்கெட்டில் இரண்டு ஊக்கு மாற்ற வேண்டும். சனிக்கிழமை வந்து வாங்கிக்கொள்வதாகச் சொன்னாள். என் நோட்டில் அந்தச் சனிக்கிழமை இப்படி எழுதியிருக்கிறேன்: “அஞ்சலை வரவில்லை. சொன்ன நாளில் யாரும் வருவதில்லை.”

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலையில் கடல் ஊருக்குள் வந்தது. அவளும் அவள் புருஷனும் உயிர் தப்பினார்கள். வீட்டிலிருந்த பெட்டி, பீரோ, சீர் பாத்திரம் எதுவும் மிஞ்சவில்லை. நாலு நாள் கழித்து, அவர்கள் தங்கியிருந்த பள்ளிக்கூடத்துக்குப் போய் புடவையும் ஜாக்கெட்டும் இருந்த மூட்டையைக் கொடுத்தேன். அவள் பிரித்துப் பார்க்கவில்லை, மடியில் வைத்துக்கொண்டாள். அந்த வருஷம் அவர்கள் தெருவில் யாரும் பொங்கல் வைக்கவில்லை. அந்தப் புடவையை அதன் பிறகு அவள் கட்டவும் இல்லை. அது எனக்கு இந்த வருஷம்தான் தெரிந்தது.

3. நாலு ஜாக்கெட்

மார்கழி இருபதுக்கு மேல் நான் பொங்கல் ஆர்டர் எடுப்பதில்லை. வாசலில் போர்டு மாட்டிவிடுவேன். இந்த வருஷம் மாட்டி இரண்டு நாள் ஆன பிறகு தமிழ்ச்செல்வி மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு நேராக உள்ளே வந்தாள். அவள் பின்னால் அஞ்சலை. மற்ற இரண்டு பேரும் அவர்களோடு மீன் விற்கப் போகிறவர்கள்.

“போர்ட பாக்கலியா?” என்றேன்.

“அது புதுசு தைக்கறவங்களுக்கு. நாங்க பழசு கொண்டாந்துகிறோம்” என்றாள் தமிழ்ச்செல்வி.

திட்டம் அவளுடையது. தை ஐந்தாம் நாள் பெண்ணையாற்றில் ஆற்றுத் திருவிழா. ஒவ்வொரு வருஷமும் குடும்பத்தோடு போவதுதான். இந்த வருஷம் நாலு பேரும் அவரவர் கல்யாணப் புடவையும் அதே ஜாக்கெட்டும் போட்டுக்கொண்டு போக வேண்டும். புருஷன்மாரும் அந்தக் காலத்துச் சட்டையில்தான் வர வேண்டும். புதுத்துணி ஒரு முழம் உடம்பில் இருந்தாலும் அபராதம் உண்டு: ஆற்றங்கரையில் எல்லோருக்கும் சிறுவள்ளிக் கிழங்கு தோல் உரித்துக் கொடுக்க வேண்டும். “யக்கா, நீயும் உன் வூட்டுக்காரரும் வரணும். சொல்லிட்டேன்” என்று என்னையும் சேர்த்துவிட்டாள்.

மூன்று ஜாக்கெட் வேறொரு மாஸ்டர் தைத்தது. திருப்பிப் பார்த்தேன். ஒவ்வொன்றிலும் உள்ளே ஒன்றரை இஞ்ச், மூன்று வரி தையல். ஒரு மணி நேரத்தில் பிரித்துக் கொடுத்துவிட்டேன். பிரித்த இடத்தில் வெயில் படாத துணி வெளியே வந்து, பக்கவாட்டில் அடர்நிறப் பட்டையாகத் தெரிந்தது. யார் பட்டை அகலம் என்று மூன்று பேரும் கையைத் தூக்கிக் காட்டிச் சண்டை போட்டார்கள். தமிழ்ச்செல்விதான் ஜெயித்தாள்.

நாலாவது ஜாக்கெட்டைத் திருப்பினேன். உள்ளே அரை இஞ்ச், ஓவர்லாக் அடித்த ஓரம். தையலைப் பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. இருந்தாலும் முதல் நோட்டை எடுத்து ஒன்பதாம் பக்கத்தைப் பார்த்தேன். முப்பத்தொன்று. இப்போது டேப் வைத்தேன். முப்பத்தெட்டு.

அஞ்சலைதான் ஆரம்பித்தாள்.

“யக்கா, அன்னிக்கி இன்னா சொன்ன, ஞாபகம் கீதில்ல?”

“கீது.”

“இவ எதிர்லதான் கேட்டேன், உள்ள துணி வுடுன்னு. மிச்சத்த வெள்ளைக்காரனுக்கே அனுப்பிட்டியா?”

மற்றவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். இதே நிறத்தில் புதிதாக ஒன்று தைத்துத் தருகிறேன், கிழங்கை உனக்காக நானே உரிக்கிறேன் என்றேன். அவள் ஜாக்கெட்டை மடித்துப் பையில் வைத்தாள்.

“வேணாம்க்கா. புதுசுன்னா தெனமும்தான் போடறேன். இத தலைப் பொங்கலுக்குக் கட்டலாம்னு வெச்சது, கட்டவே இல்ல. இந்த வருஷம் கட்டலாம்னு பாத்தேன். நீங்க போயிட்டு வாங்க.”

கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குச் சமாதானமாக இருந்திருக்கும். சாதாரணமாகச் சொன்னாள்.

4. ஆறு இஞ்ச்

அன்று மதியம் கடையில் பேப்பரில் வரைந்து பார்த்தேன். இரண்டு பக்கமும் அக்குளிலிருந்து அடி வரைக்கும், கைக்குக் கீழேயும் சேர்த்து, மூன்றரை இஞ்ச் பட்டை வைத்தால் முப்பத்தெட்டு வரும். பட்டைக்கு அதே துணி வேண்டும். அந்தத் துணி இருக்கும் ஒரே இடம் புடவையேதான். புடவையின் உள்முனை, கட்டும்போது முதலில் இடுப்பில் செருகிவிடும் இடம், யார் கண்ணிலும் படாது. அங்கிருந்து ஆறு இஞ்ச் வெட்டினால் போதும்.

போனில் சொன்னேன்.

“கடலே விட்டுட்டுப் போன பொடவைக்கா. அதுல கத்திரி வெக்கணும்ன்றியா?” என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள்.

நியாயமான கேள்வி. கல்யாணப் புடவையில் கத்தரிக்கோல் வைக்க எந்தப் பெண்ணும் சம்மதிக்க மாட்டாள். இதில் வாயால் சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை என்று புரிந்தது. வீட்டுக்குப் போய் பீரோவைத் திறந்தேன். என் கல்யாண ஜாக்கெட்டையும் நான்தான் தைத்தேன். திருப்பிப் பார்த்தேன். அதுவும் அரை இஞ்ச். சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் அது பொருந்தாமல் போய்ப் பல வருஷம் ஆகிறது.

மறுநாள் என் வீட்டுக்காரர் பைக்கில் பனித்திட்டுக்குப் போனோம். பையில் என் கல்யாணப் புடவையும் பெரிய கத்தரிக்கோலும் இருந்தன. அஞ்சலை வீட்டு வாசலில் வலை காய்ந்துகொண்டிருந்தது. அவள் டீ போட உள்ளே திரும்பினாள். நான் பாயில் உட்கார்ந்து, என் புடவையின் உள்முனையை விரித்து, ஸ்கேல் வைத்து ஆறு இஞ்சில் சாக்பீஸ் கோடு போட்டு, வெட்டினேன். பட்டு வெட்டுப்படும் சத்தம் தனியாகக் கேட்கும். அதைக் கேட்டு அவள் காலி டம்ளரோடு வெளியே வந்தாள்.

“எங்கம்மா எடுத்துக் குடுத்த பொடவ அது” என்றார் என் வீட்டுக்காரர். நான் நிமிர்ந்து பார்த்தேன். “சரி, வெட்டு. அப்படியே என் கல்யாண பேன்ட்டுக்கும் இன்னா வழின்னு பாரு. ஜிப்பு பாதிக்கு மேல ஏறல” என்றார்.

எழுந்து, கட்டியிருந்த சேலைக்கு மேலேயே அந்தப் புடவையைச் சுற்றிக் காட்டினேன். “எங்க கொறையுதுன்னு சொல்லு.”

அஞ்சலை என்னை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். கொசுவத்தைப் பிரித்து எண்ணினாள். முந்தியை இழுத்துப் பார்த்தாள். வெட்டிய ஆறு இஞ்சைக் கையில் எடுத்து, என் அக்குள் பக்கம் வைத்துப் பார்த்தாள்.

“உன்னுதும் கச்சிதமா தச்சிருக்கியா?”

“அதே எக்ஸ்போர்ட் தையல்தான்.”

“நல்லா வேணும்” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். டீயோடு சேர்ந்து அரக்குப் புடவையும் வந்தது. உள்முனையை விரித்து ஒரு ஓரத்தை அவளே இறுக்கிப் பிடித்தாள். ஸ்கேலை நான் வைத்தேன். கோட்டைத் தாண்டி ஒரு நூல்கூடப் போகக் கூடாது என்றாள். போகவில்லை.

5. ஆற்றங்கரை

தை ஐந்தாம் நாள் காலையிலேயே வெயில். ஊர் ஊராகச் சாமிகள் டிராக்டரில் வந்து பெண்ணையாற்று மணலில் வரிசையாக இறங்கின. தண்ணீர் கணுக்கால் அளவுக்கு ஓடியது. எங்கள் கூட்டம் பத்துப் பேர். தமிழ்ச்செல்வியின் புருஷன் கல்யாணச் சட்டையில் மேல் பட்டன் மூன்றைப் போடாமல் வந்தார். கேட்டதற்கு அந்தக் காலத்து ஸ்டைல் என்றார். என் வீட்டுக்காரர் பேன்ட்டை நான் இடுப்பில் பின்பக்கம் பிரித்து விட்டிருந்தேன். பேன்ட் தைத்த மாஸ்டர் அங்கே இரண்டு இஞ்ச் துணி விட்டிருந்தார். அவர் எந்த ஏற்றுமதி கம்பெனியிலும் வேலை பார்க்காதவராக இருக்க வேண்டும்.

அஞ்சலை கடைசியாக வந்தாள். அரக்குப் புடவை, அதே ஜாக்கெட், தலை நிறைய கனகாம்பரம். அவள் புருஷன் அவளுக்கு நாலடி பின்னால் நடந்து வந்தார். அவள் திரும்பிப் பார்க்கும்போதெல்லாம் ஆற்றைப் பார்ப்பதுபோல் நடித்தார்.

தமிழ்ச்செல்வி அவள் கையைத் தூக்கிப் பட்டையைச் சோதித்தாள். புடவைத் துணியோடு ஒட்டிவைத்துப் பார்த்தாள். என்னையும் அதேபோல் சோதித்தாள். இது புதுசு கிடையாது என்று தீர்ப்புச் சொன்னாள். அபராதம் கடைசியில் தமிழ்ச்செல்வியின் புருஷனுக்குத்தான் விழுந்தது, உள்பனியன் புதுசு. அவர் மணலில் உட்கார்ந்து கிழங்கு உரித்தார். போட்டோ எடுக்கும்போதும் அவர் கையில் கிழங்குதான் இருந்தது.

சாப்பிட்டு முடித்து உட்கார்ந்திருந்தபோது அஞ்சலை ஜாக்கெட்டின் அடிஓரத்தை விரலால் மடித்துப் பார்த்தாள்.

“யக்கா, இன்னா இது? உள்ள இவ்ளோ துணி நிக்குது?”

“ஒன்றரை இஞ்ச். பட்டையில விட்டிருக்கேன். ரெண்டு வரி தையல்.”

“இன்னும் பெருப்பேன்னு சொல்றியா?”

“திருவிழா இன்னும் எவ்ளோ வருஷம் வரும்? எல்லாத்துக்கும் இதையே கட்டலாம் இல்ல?”

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு தமிழ்ச்செல்வி புருஷன் பக்கம் கையை நீட்டினாள்.

“அண்ணே, அப்போ எனக்கு இன்னும் ரெண்டு கிழங்கு.”

தொழிற்சாலையில் நான் அளந்தது சட்டையை. அது பெட்டிக்குள் போய்விடும், பிறகு நான் அதைப் பார்க்கப்போவதில்லை. கடையில் தைப்பது அடுத்த தெருவில் இருக்கும் ஒருத்திக்கு. அவள் நாளைக்கும் வருவாள், வேறு அளவில் வருவாள். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான்: அளவைச் சரியாக எடுங்கள், சரியாக வெட்டுங்கள், உள்ளே ஒன்றரை இஞ்ச் விடுங்கள்.

முதல் நோட்டின் ஒன்பதாம் பக்கத்தில் கீழே கொஞ்சம் இடம் இருந்தது. அதில் எழுதி வைத்திருக்கிறேன்: “அஞ்சலை. மார்பு 38. உள்ளே 1½. சொன்ன நாளில் வந்து வாங்கிக்கொண்டாள்.”