மூன்று நாளில் பாஸ் போட்ட மவுஸ்

இரண்டு வருடங்களுக்கு முன், ஓர் ஆடி மாதத்தில் தொடங்கியது இது. ஆவடியில், அப்பா வேலை பார்த்த தொழிற்சாலையின் குவார்ட்டர்ஸில் குடியிருந்தோம். கம்ப்யூட்டரில் கேம் ஆடுபவர்களுக்கான மவுஸ்களைப் பரிசோதித்து, வாங்கலாமா வேண்டாமா என்று தமிழில் சொல்லும் யூடியூப் சேனல் ஒன்றை நடத்திவந்தேன். 'எலிக்கு சர்டிபிகேட் கொடுக்கிற பொண்ணு' என்றுதான் குவார்ட்டர்ஸில் எனக்குப் பெயர். ஊரே கிண்டல் செய்தாலும், பார்ப்பவர்கள் கூடிக்கொண்டே போனதில் எனக்குத் தலை கொஞ்சம் கனத்துத்தான் போயிருந்தது.

ஒரு மவுஸை ஒழுங்காகச் சோதிக்கக் குறைந்தது ஒரு மாதமாவது வைத்து ஆட வேண்டும். அது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் 'பந்திக்கு முந்து' என்பதுதான் எங்கள் தொழிலில் வேதம். விற்பனைக்கு வரும் அன்றே வீடியோ போடாவிட்டால் யார் பார்ப்பார்கள்? அந்த மவுஸையும் மூன்றே நாள்தான் ஆடிப் பார்த்தேன். கேக் மாவு நிறுக்கும் தராசில் வைத்தால் ஐம்பது கிராமைக்கூடத் தொடவில்லை. எடையைக் குறைக்க, முதுகு முழுக்க இடியாப்ப அச்சு மாதிரி ஓட்டை போட்டிருந்தார்கள். குறி வைத்தால் வைத்த இடத்தில் நின்றது. மயங்கிப்போய், "கண்ணை மூடிக்கிட்டு வாங்கலாம்" என்று சொல்லிவிட்டேன்.

வீடியோவின் கீழே கேள்விகள் குவிந்தன. உட்கார்ந்து பதில் எழுதப் பொறுமை இல்லை. எல்லாவற்றுக்கும் கட்டைவிரலை உயர்த்திக் காட்டும் படம் ஒன்றைப் பதிலாகப் போட்டுக்கொண்டே போனேன். பாதியைப் படிக்கவே இல்லை.

ஆறு வாரம் கழித்து, அம்பத்தூரில் ஒரு கேமிங் சென்டரில் துப்பாக்கிச் சண்டை கேம் போட்டி. நன்றாக ஆடும் ஒருவரை, பெங்களூரிலிருந்து வந்திருந்த ஒரு குழு மாதச் சம்பளத்துக்கு எடுத்துக்கொள்வதாக ஏற்பாடு. என்னை மைக்கில் வர்ணனை செய்யக் கூப்பிட்டிருந்தார்கள். இந்த மாதிரிப் போட்டிகளில் கம்ப்யூட்டர் அவர்களுடையது. மவுஸை மட்டும் ஆடுபவர்கள் வீட்டிலிருந்து கொண்டுவருவார்கள். பழகிய மவுஸ் இல்லாவிட்டால் கை ஓடாது.

கடைசி ஆட்டம் வரை ஒரு தம்பி எல்லோரையும் ஊதித் தள்ளிக்கொண்டிருந்தான். இருபத்து மூன்று வயது இருக்கும். அவன் கையில் நான் பாராட்டிய அதே மவுஸ். எனக்குப் பெருமை தாங்கவில்லை. "நம்ம சேனல் பார்த்து வாங்கினதா இருக்கும்!" என்று மைக்கிலேயே பீற்றிக்கொண்டேன்.

இரண்டு பக்கமும் சமநிலை. ஒரே ஒரு சுற்று பாக்கி. எதிராளி நேர் எதிரே நிற்கிறான், இவன் துப்பாக்கிக் குறி திடீரென்று கூரைக்குத் தாவியது. மவுஸைத் தூக்கித் தட்டினான். மறுபடி வைத்தால் திரையில் குறி வெடவெடவென்று ஆடியது. கையை உயர்த்தினான். சுற்றின் நடுவில் நிறுத்த விதி இல்லை என்றார்கள். பக்கத்திலிருந்தவர் தன் மவுஸை மாட்டிக் கொடுப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. நானோ மைக்கில், "ஐயோ, பதற்றத்துல கை நடுங்கிடுச்சு!" என்று கத்திக்கொண்டிருந்தேன்.

கூட்டம் கலைந்த பிறகு அவன் என்னிடம் வந்தான். திட்டுவான் என்று நினைத்தேன்.

"எனக்குக் கை நடுங்காதுக்கா. லேத்ல வேல செய்றவன் நானு. உங்களாண்ட கேட்டுகினு தான் இத வாங்குனேன்" என்று போனை நீட்டினான்.

என் வீடியோவின் கீழே அவன் எழுதியிருந்ததை அப்போதுதான் முதல்முறையாகப் படித்தேன். "அக்கா, நமக்கு லேத் பட்டறைல வேல. கைல எப்பவும் இரும்புத்தூள் ஒட்டிகினு இருக்கும். இந்த ஓட்ட வழியா உள்ள பூந்துடாதா?" அதற்குக் கீழே, நான் போட்ட கட்டைவிரல்.

அவன் மவுஸை வாங்கி, போன் வெளிச்சத்தை ஓட்டைகளுக்குள் அடித்துப் பார்த்தேன். மவுஸின் அடியில் இருந்து அசைவைப் பார்க்கும் சின்னக் கண்ணைச் சுற்றிக் கறுப்பாக இரும்புத்தூள் அப்பியிருந்தது.

"கை நடுங்கலன்னு மட்டும் அந்த பெங்களூர்காரங்களாண்ட சொல்லுக்கா" என்றான்.

ஓடினேன். அவர்கள் கார் ஏறிப் போயிருந்தார்கள். போட்டி நடத்தியவர்களை விட்டுப் போன் போடச் சொல்லிக் கெஞ்சினேன். பெங்களூர்க் குழு ஏற்கெனவே வேறொருவரை முடிவு செய்துவிட்டதாம். திரும்பி வந்து சொன்னபோது அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "வுடுக்கா. ஊட்ல இதான் கடசி போட்டின்னு சொல்லித்தான் அனுப்சாங்க" என்று மவுஸைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டான்.

மறுநாளே வீடியோவை நீக்கி, நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவன் பார்த்தானா தெரியாது. அவன் விளையாட்டுப் பெயர் மட்டும்தான் எனக்குத் தெரியும். அந்தக் கணக்கையும் அழித்துவிட்டிருந்தான். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் பட்டறை பட்டறையாக ஏறி இறங்கினேன். கேம் ஆடுகிற பையனா என்று சிரித்தார்கள். மூன்று மாதத்துக்குப் பிறகு தேடுவதையும் விட்டேன், சேனலையும் மூடினேன்.

தப்பு செய்தவர்கள் திருத்திக்கொள்ளலாம் என்கிறார்கள். யாரிடம் போய்த் திருத்துவது? தன் வேலையும் தன் கையும் தெரிந்த அவனுக்கு வந்த சந்தேகம் நூற்றுக்கு நூறு சரி, அதை என் பேச்சை நம்பி அவன் கைவிட்டான் என்பதை என்னால் இன்றுவரை தாங்க முடியவில்லை.