அத்தை கால் காட்டிய நாள்

எட்டு வயது வரை நான் அத்தையின் இடது காலைப் பார்த்ததே இல்லை. அய்யாவின் தங்கை அவள். பாம்பனில் எங்கள் வீட்டில்தான் இருந்தாள்; நான் தூங்குவதும் அவள் பாயில்தான். ஆனாலும் சேலையைத் தரையில் புரளும்படி கட்டுவாள். வலையின் கிழிசலைப் பின்ன உட்கார்ந்தால் கால்மேல் ஒரு சாக்கு கிடக்கும். கோயிலுக்குக்கூடப் பூசை தொடங்கிய பிறகு போய், முடிவதற்குள் திரும்பிவிடுவாள்.

வருடத்தில் சில தடவை அவளுக்குக் குளிரெடுத்துக் காய்ச்சல் வரும். காய்ச்சல் விட்டதும் கால் இன்னும் கொஞ்சம் பருத்திருக்கும். யானைக்கால் என்ற சொல்லை வீட்டில் யாரும் சொல்வதில்லை. ‘நீர் இறங்கிருக்கு’ என்பதோடு சரி. அய்யா ஓரியூர் மாதா கோயிலுக்கும் வேண்டிக்கொண்டார், ஏர்வாடி தர்காவுக்கும் வேண்டிக்கொண்டார். பெண் கேட்டு வந்தவர்களுக்கு அவரே ஏதாவது காரணம் சொல்லி அனுப்பிவிடுவார்.

மதுரையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் இதற்கென்று புதிதாக ஒரு டாக்டர் வந்திருப்பதாக ஊர்க் கம்பவுண்டர் சொன்னார்.

“கால அறுத்துப் போட்ருவாக. வேணாம்” என்றார் அய்யா.

அத்தை ஒரு பையில் இரண்டு சேலையை மடித்து வைத்துவிட்டு, “மதினி, நீங்க கூட வாரீகளா?” என்று அம்மாவைக் கேட்டாள். அய்யாவுக்குக் கடலில் மீன்பாடு நன்றாக இருந்த சமயம். என்னை விட்டுவிட்டுப் போக ஆளில்லாததால் நானும் ரயிலேறினேன்.

டாக்டர் ஒல்லியாக, அத்தை வயதுதான் இருந்தார். காலில் ஊறும் நிணநீர் போகிற பாதை அடைத்துக்கொண்டதால் நீர் தேங்கிவிட்டது என்றார். தொடை இடுக்கில் அந்த நீர் வந்து சேரும் முடிச்சு ஒன்றைப் பாதியாக வெட்டி, பக்கத்து ரத்தக் குழாயோடு சேர்த்துத் தைத்தால் அந்த வழியாக வடியலாமாம்.

“வடியலாம்னுதான் சொல்றேன்மா. இத நான் இதுவரைக்கும் யாருக்கும் செஞ்சதில்ல.”

அம்மா எழுந்துவிட்டாள். அத்தை எழவில்லை.

“எனக்கும் இதுவரைக்கும் யாரும் ஒண்ணும் செஞ்சதில்ல டாக்டர்” என்றாள்.

மறுநாள், நீர் போகிற பாதை தெரிவதற்காகக் கால்விரல் இடுக்கில் நீல மருந்தை ஊசியால் ஏற்றினார்கள். அன்றைக்குத்தான் அந்தக் காலைப் பார்த்தேன். சுறாத்தோல் போலச் சொரசொரப்பு. விரல்கள் சதைக்குள் புதைந்து நகம் மட்டும் தெரிந்தது. எனக்குப் பயம் வரவில்லை; அந்த நீலம் பிடித்திருந்தது. மறுநாள் காலை அத்தைக்குச் சிறுநீர் பச்சையாகப் போக, அம்மா மாதாவைக் கூப்பிட்டு அலறினாள். மருந்து வெளியே போகிறது, அவ்வளவுதான் என்று நர்ஸ் சிரித்தாள். அதன்பின் பல நாள் நான் என்னுடையதையும் நம்பிக்கையோடு பார்த்துவந்தேன்.

ஆபரேஷன் பாதி நாள் நடந்தது. கடிகாரம் ரிப்பேர் பார்ப்பவர் மாதிரி கண்ணில் லென்ஸ் மாட்டிக்கொண்டு, முடியைவிட மெல்லிய நூலால் டாக்டர் தைத்தாராம். பிறகு காலை உயர்த்திக் கட்டி வைத்தார்கள். நாள் போகப் போக அது வற்றியது. தோல் மடிப்பு மடிப்பாகத் தொங்கியது. மற்றக் கால் மாதிரி ஆகிவிடவில்லை. கட்டுத்துணியை ஆயுசுக்கும் சுற்ற வேண்டும், பாதத்தில் கீறல் படக்கூடாது என்றார் டாக்டர். ஆனால் கணுக்கால் என்று ஒன்று இருப்பது தெரிந்தது. அத்தை அதையே தடவிக்கொண்டிருந்தாள்.

ஊருக்குக் கிளம்பும் முன் டாக்டர் தயங்கித் தயங்கிக் கேட்டார். படிக்கிற பிள்ளைகளுக்கு ஒருமுறை காலைக் காட்ட முடியுமா என்று.

“வேணாம். அம்புட்டும் வயசுப் பயலுக” என்றாள் அம்மா.

அத்தை போனாள். நானும் பின்னாலேயே போனேன். ஹால் நிறைய வெள்ளைக் கோட்டுகள். மேஜைமேல் உட்கார்ந்து, சேலையை முழங்காலுக்கு மேல் ஏற்றி, கட்டுத்துணியைத் தானே சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள். முன்னால் வந்த பையன் கையை நீட்டிவிட்டுச் சட்டென்று பின்னால் இழுத்துக்கொண்டான்.

“அமுக்கிப் பாருங்க தம்பி, வலிக்காது” என்று சிரித்தாள்.

அம்மா கதவுக்கு வெளியே சுவரைப் பார்த்து நின்றிருந்தாள். ரயிலில், அத்தை கண்ணயர்ந்த நேரத்தில், “இத அய்யாட்ட மூச்சுவிடாத” என்று என் காதில் சொன்னாள்.

அடுத்த நாள் ஞாயிறு. பூசை முடிந்து வந்த அய்யா என்னைத் தனியாக உட்காரவைத்து, “அங்கன என்ன நடந்துச்சு ஆத்தா?” என்றார். மூச்சுவிடக் கூடாதென்றால் என்னால் எப்படி முடியும்? எல்லாவற்றையும் சொன்னேன்.

“நெறைய பேரு இருந்தாகளா?”

“ஹால் நெறைய.”

“அவ அழுதாளா?”

“இல்ல அய்யா. சிரிச்சாக.”

அய்யா என் முகத்தையே பார்த்தார். துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு விறுவிறுவென்று வெளியே போனார். ஞாயிறன்று எங்கள் ஊரில் யாரும் கடலுக்குப் போவதில்லை. கரையில் ஆளே இல்லை. ஏற்றிப் போட்டிருந்த ஒரு வள்ளத்தின் மறைவில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். தோள் குலுங்கியது. என்மேல் அவ்வளவு கோபம் போலிருக்கிறது என்று நினைத்து, சாப்பிடக் கூப்பிட வந்த நான் கிட்டே போகாமல் தூரத்திலேயே நின்றுகொண்டேன்.