அக்காவும் ஜேர்மன் மாடுகளும்

ஜேர்மனியின் கெல்சென்கிர்ச்சன் நகருக்கு வடக்கே அரை மணி நேரம் கார் ஓடினால், ஜூலை மாதத்தில் சோளமும் மாடுகளும்தான் தெரியும். எங்கள் புகைப்பட மன்றத்தின் கண்காட்சிக்குப் படம் அனுப்ப, நான் அங்கே போன அன்றுதான் கடைசி நாள். நான் குறிவைத்திருந்தது ஒரு மேட்டு மேய்ச்சல் நிலம்: உச்சியில் தனி ஓக் மரம், அதன் நிழலில் மாடுகள், பின்னால் மாலை வெயில்.

கார் பக்கத்து வீட்டு அக்காவுடையது. நான் கமராவை முக்காலியில் பொருத்திக்கொண்டிருந்தபோது அவர் வாழைப்பழம் சாப்பிட்டார். மாட்டைக் கண்டால் எங்கள் ஆட்களுக்குத் தோலைக் குப்பையில் போட மனம் வராது. வேலிக்கு மேலால் எறிந்தார்.

ஒரு மாடு வந்து தின்றது. பிறகு மரத்தடியில் ஒன்றுகூட மிச்சமில்லை. எல்லாம் லென்ஸுக்கு முன்னால் மூச்சுவிட்டன. நான் தள்ளிப் போனேன், அவையும் வந்தன.

"அக்கா, அதுகளைத் திரும்பிப் போகச் சொல்லுங்கோ."

"நான் சொன்னாக் கேக்குமே தம்பி? ஜேர்மன் மாடெல்லோ. நீர் அதுகளின்ரை பாஷையிலை சொல்லும்."

சொன்னேன். ஒன்று லென்ஸை நக்கியது.

வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. அக்கா பெருமூச்சு விட்டு, மிஞ்சிய வாழைப்பழங்களை உயர்த்திப் பிடித்தபடி வேலியோரமாக மேட்டில் ஏறினார். மந்தை முழுவதும் பின்னால் போனது. உச்சியை நெருங்கியதும் படம் எடுத்தேன்.

கண்காட்சியில் தொங்கியது அந்தப் படம்தான். பார்த்தவர்கள் எல்லோரும் அக்காவைப் பண்ணைக்காரி என்றே நினைத்தார்கள். வந்திருந்த அக்கா மறுக்கவில்லை. பால் விலை பற்றிக் கேட்ட ஒருவருக்கு விரிவாகப் பதிலும் சொன்னார்.