சாம்பிராணிப் புகைக்கு நான் கொடுத்த நற்சான்று

பதவி உயர்வு வேண்டுமென்றால் ஓர் ஆய்வுக் கட்டுரையாவது வெளிவந்திருக்க வேண்டும் என்றார் மேலதிகாரி. மலேசியாவின் ஈப்போ நகரில் குழந்தைகளைப் பார்க்கும் டாக்டரான எனக்கு ஓயாத கூட்டம் உண்டு, கட்டுரைதான் இல்லை. ஆனால் தமிழர்கள் நிறைந்த புந்தோங் பகுதியில் வீடு வீடாகப் போய் எழுதிய குறிப்புகள் இருந்தன. பிள்ளையைக் குளிப்பாட்டியதும் சாம்பிராணிப் புகை காட்டுகிறார்களே, அதனால் மூச்சிழுப்பு வருகிறதா என்று தாய்மார்களிடம் விசாரித்து எழுதியவை.

அவற்றை அப்படியே ஏஐயிடம் கொட்டினேன். ஒரு தே தாரிக் டீயைக் குடித்து முடிப்பதற்குள் கட்டுரை தயார். அடடா, என்ன ஆங்கிலம்! எனக்கே என்மேல் மரியாதை வந்துவிட்டது. முழுதாகப் படிக்கத்தான் எனக்குப் பொழுதில்லை. அந்த வாரமே ஓர் ஆய்விதழ் என்னைப் பேராசிரியர் என்று விளித்து, கட்டுரை கேட்டு மின்னஞ்சலில் உருகியது. நான் பேராசிரியர் இல்லை, மறுக்கவும் இல்லை. கட்டணத்தைக் கட்டி அனுப்பினேன். மூன்றாம் நாளே அவர்களுடைய நிபுணர்கள் அலசி ஆராய்ந்து, ஓர் எழுத்தைக்கூட மாற்ற வேண்டாம் என்றார்கள். பதவி உயர்வும் வந்தது.

ரப்பர்த் தோட்டம் மூடியபின் புந்தோங்குக்குக் குடிவந்த ஒரு பெண், என் பேச்சைக் கேட்டுப் புகையை நிறுத்தியிருந்தாள். அவளுடைய இரண்டு வயது மகள் மாதக்கணக்கில் நன்றாக இருந்தாள். ஒரு நாள் காலை உதடு நீலம் பாரிக்க அந்தப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். நெபுலைசர் வைத்தோம். ஒவ்வொரு மூச்சுக்கும் அந்தச் சின்ன நெஞ்சு குழிவிழுந்தது. மறுபடி புகை போட்டீர்களா என்று அதட்டினேன்.

அவள் கைப்பேசியை நீட்டினாள். புகை போடச் சொல்லி மாமியார் நச்சரித்ததால் ஏஐயிடம் கேட்டாளாம். புகை மூச்சுக்குழாய்க்கு நல்லது என்று அது சொல்லி, ஆதாரமாக ஒரு கட்டுரையைக் காட்டியிருந்தது. மேலே என் பெயர். சளி கரையும் என்று தாய்மார்கள் நம்பிச் சொன்னதையெல்லாம் என் கண்டுபிடிப்பாக்கி வைத்திருந்தது, கட்டுரை எழுதித் தந்த அந்த மேதை. அதைப் படிக்காமல் கையெழுத்துப் போட்ட மேதை நான்.

"நீங்க எழுதினதுன்னுதான் டாக்டர், தைரியமா போட்டேன்."

வெட்கமாக இருந்தது.

பிள்ளை தேறினாள். கட்டுரையை நீக்கச் சொல்லி நான் எழுதிய கடிதங்களுக்கு, உருகி உருகி எழுதிய ஆய்விதழிடமிருந்து பதிலே இல்லை. மறுபரிசோதனைக்கு வந்த அந்தத் தாயிடம் நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். புகை வேண்டவே வேண்டாம் என்றேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு மருந்துச் சீட்டை மடித்துப் பையில் வைத்தாள்.

"தப்பா எடுத்துக்காதீங்க டாக்டர். இத வேற டாக்டர்கிட்டயும் காட்டிக் கேட்டுட்டு வாங்கிக்கிறேன் லா."