முறுக்கு டின்னும் மூடிய அறையும்

கிள்ளானில் கல்யாண வீடுகளுக்குப் போனால் வாணி யாருக்கும் கை கொடுக்க மாட்டாள். கும்பிடுவாள். அதைப் பக்தி என்று நினைத்தவர்கள் உண்டு. இந்தக் காலத்திலும் இப்படி ஓர் அடக்கமா என்று மெச்சியவர்களும் உண்டு. உண்மை என்னவென்றால், மனிதக் கைகளைப் பற்றி அவளுக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது. பல வருடங்களாக உல்லாசக் கப்பல்களில் நர்ஸாக இருக்கிறாள். ஒரு பயணிக்கு வாந்தி பேதி கண்டால், மாடிப்படிக் கைப்பிடி, லிஃப்ட் பொத்தான், சாப்பாட்டுக் கூடத்துக் கரண்டி என்று கை மாறிக் கை மாறி அது ஊர்வலம் போகும் அழகை அவள் பார்த்திருக்கிறாள்.

அவள் என் அக்கா நல்லம்மாளின் ஒரே மகள். பிடிவாதக்காரி. சமையல் சுமார். முப்பத்து நான்கு வயது. முன்பு வந்த இரண்டு வரன்களும், வருடத்தில் பாதி கடலில் கிடக்கும் பெண் வேண்டாம் என்று விலகிப் போயின. மூன்றாவதாக வந்தவர் பிரிக்பீல்ட்ஸில் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கும் ஜீவன். அவரைப் பிடித்திருக்கிறது என்று வாணி வாய்விட்டுச் சொன்னதே எங்கள் வீட்டில் பெரிய செய்தி. தயக்கம் ஜீவனின் அம்மா லோகேஸ்வரிக்குத்தான். ஆடி பிறப்பதற்குள் நிச்சயம் முடிய வேண்டும், இல்லையென்றால் வேறு இடம் பார்ப்பேன் என்று சொல்லிவிட்டார். வாணிக்கோ ஆடி முடியும்வரை லீவு இல்லை. ஆகவே நிச்சயதார்த்தமே கப்பலேறியது. ஊழியர் குடும்பத்துக்குச் சலுகை உண்டு. கிள்ளான் துறைமுகத்திலிருந்து புக்கெட் போய்த் திரும்பும் கப்பல். மூன்றாம் நாள் சாயங்காலம் மேல்தளத்தில் ஒரு சிறிய கூடத்தில் தட்டு மாற்றுவதாக ஏற்பாடு.

லோகேஸ்வரி கப்பல் சாப்பாட்டை நம்பவில்லை. ஒரு சதுர பிஸ்கட் டின் நிறைய முறுக்கு சுட்டு, பெட்டிக்குள் புடவைகளுக்கு நடுவே மறைத்துக் கொண்டுவந்துவிட்டார். முதல் மாலையே டின் திறந்தது. சாப்பாட்டுக் கூடத்து வாசலில் ஓர் ஊழியர் நின்று, எல்லோரும் கை கழுவுகிறார்களா என்று பார்த்துத்தான் உள்ளே விடுவார். அப்படிக் கழுவிய கைகள் வரிசையாக அந்த டின்னுக்குள் போயின. எங்கள் கூட்டத்தோடு லோகேஸ்வரி நிற்கவில்லை. பக்கத்து மேசைச் சீனப் பெரியவர், ஈப்போவிலிருந்து வந்திருந்த மலாய்க் குடும்பம் என்று கண்ணில் பட்டவர்களுக்கெல்லாம் தன் கையாலேயே எடுத்துக் கொடுத்தார். நானும் இரண்டு தின்றேன். நல்ல முறுக்கு என்பதை இன்றைக்கும் மறுக்க முடியாது.

அந்தப் பக்கமாகச் சீருடையில் வந்த வாணியை நிறுத்தி, ஒரு துண்டு ஒடித்து, வாயைத் திற என்றார். வருங்கால மாமியார் ஊட்டுகிறார். இரண்டு குடும்பமும் பார்த்துக்கொண்டிருக்கிறது. வாணி அந்த விரல்களை ஒரு கணம் பார்த்தாள். பிறகு வாயைத் திறந்தாள்.

மறுநாள் மதியத்திலிருந்து ஆறாம் தளத்தில் ஒவ்வொருவராகப் படுத்தார்கள். கப்பல் வேறு முகம் காட்டத் தொடங்கியது. முகமூடி போட்டவர்கள் கைப்பிடிகளைத் துடைத்துக்கொண்டே இருந்தார்கள். உப்புப் புட்டிகள் மேசைகளிலிருந்து மறைந்தன. இனி யாரும் சாப்பாட்டைத் தானாக எடுத்துப் போட்டுக்கொள்ள முடியாது, கேட்டால் வைப்பார்கள். நோய் கண்டவர், அது நின்று இரண்டு நாள் ஆகும்வரை அறையை விட்டு வரக்கூடாது. இந்த விதி தெரிந்ததும் கப்பலில் ஒருவருக்கும் வாந்தி இல்லை, எல்லோருக்கும் வெறும் தலைசுற்றல்தான். மனிதன் பொய் சொல்ல உயிர்ப் பயமெல்லாம் தேவையில்லை. ஒரு நீச்சல்குளம் போதும்.

அந்தப் பொய்களுக்கு நடுவே போய்க் கேள்வி கேட்பது வாணியின் வேலை. எங்கே உட்கார்ந்தீர்கள், என்ன சாப்பிட்டீர்கள் என்று ஒவ்வோர் அறையாகக் கேட்டாள். சீனப் பெரியவர் ஓர் ஆன்டி கொடுத்த முறுக்கைப் புகழ்ந்தார். மலாய்க் குடும்பம் அது எந்தக் கடையில் கிடைக்கும் என்று விசாரித்தது. அடுத்த அறையிலும் முறுக்கு என்றதும் வாணி கேள்விகளை நிறுத்திவிட்டு நேராக லோகேஸ்வரியின் அறைக்கு வந்தாள். நானும் அக்காவும் அங்கேதான் பழத்தட்டு பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம்.

“அத்தை, வயிறு எப்படி இருக்கு?”

“எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன்.”

ஜீவனின் அப்பா விஜயன் செய்தித்தாளிலிருந்து தலையை எடுக்காமலே உதவிக்கு வந்தார். “காலையிலகூட ரெண்டு தடவை போனாளே. கப்பல் ஏறுறதுக்கு முந்தின நாளும் வாந்திதான்.”

அவருக்கு ஒரு பார்வை கிடைத்தது. அதன் பிறகு அவர் செய்தித்தாளை விட்டு வெளியே வரவில்லை.

“அது டுரியான் பழம் லா” என்றார் லோகேஸ்வரி.

“டுரியான் சாப்பிட்டது நீங்க மட்டும்தானே அத்தை. ஆறாம் மாடி முழுக்க ஏன் படுத்துக் கிடக்குது?”

“நாளைக்குச் சாயங்காலம் நிச்சயம், மிஸ்ஸி.”

நர்ஸை எங்கள் ஆட்கள் மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவார்கள். ஆனால் அதுவரை லோகேஸ்வரி அவளை வாணிம்மா என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“தெரியும் அத்தை. எனக்குத்தான் நிச்சயம்.”

டின்னை ஒரு பையில் போட்டுக் கட்டி எடுத்துக்கொண்டாள். விஜயனை மகனின் அறைக்கு மாற்றினார்கள். அவர் சந்தோஷமாகவே போனதாகத் தோன்றியது. கதவு மூடியது. தான் இல்லாமல் தட்டு மாறாது, ஆடிக்கு முன்னால் வேறு நாளும் கிடையாது என்று லோகேஸ்வரி ஃபோனில் சொல்லி அனுப்பினார். இரண்டு மணி நேரம் மட்டும் அவரை வெளியே விடு, யாருக்குத் தெரியப் போகிறது என்று அக்கா மகளிடம் கெஞ்சினாள். வாணி அடுத்த அறைக்குப் போனாள். ஜீவன் எந்தப் பக்கமும் சேராமல் கை கழுவிக்கொண்டே இருந்தார்.

மூன்றாம் நாள் மதியம் மருந்தறையில் தனியாக இருந்தபோது வாணிக்கு வாந்தி வந்தது. யாரும் பார்க்கவில்லை. முகத்தைக் கழுவிவிட்டு வேலையைத் தொடர்ந்திருக்கலாம். அவள் இடத்தில் நான் இருந்தால் என்ன செய்திருப்பேன் என்று பிறகு யோசித்தேன், யோசிக்காமல் இருந்திருக்கலாம். அவள் டாக்டரைக் கூப்பிட்டுத் தன் பெயரையும் நோயாளிகளோடு சேர்க்கச் சொன்னாள். அவள் அறையில் வேறு ஊழியர்களும் தங்கியிருந்ததால் அங்கே திரும்ப முடியாது. காலி அறைகளும் நிரம்பிவிட்டன. ஒரே கிருமிக்கு ஒரே அறை போதும் என்று டாக்டர் முடிவு செய்தார். லோகேஸ்வரியின் அறையில் ஒரு கட்டில் காலியாக இருந்தது.

உள்ளே நடந்ததைப் பிற்பாடு வாணியே சொன்னாள். முதலில் லோகேஸ்வரி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாராம். வாணி வாளியைத் தேடி ஓடியபோது எழுந்து வந்து நெற்றியைப் பிடித்துக்கொண்டாராம்.

“யாராச்சும் பாத்தாங்களா?”

“இல்ல அத்தை.”

“பின்ன ஏன் சொன்ன? பைத்தியமா லா நீ?”

“உங்கள உள்ள வச்சிட்டு நான் வெளிய சுத்தினா, நாளைக்கு உங்க முகத்த எப்படிப் பாக்குறது?”

லோகேஸ்வரி உப்புச் சர்க்கரைத் தண்ணீர் கலக்கிக் கொடுத்தார். பிறகு மகனைக் கூப்பிட்டு, இரண்டு வீட்டுத் தட்டுகளையும் மோதிரத்தையும் அறை வாசலில் வைத்துவிட்டுப் போகச் சொன்னார்.

அக்கா இதைத் தியாகம் என்று சொல்லி அழுதாள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அடுத்தவருக்குப் போட்ட பூட்டைத் தனக்கும் போட்டுக்கொண்டாள், அவ்வளவுதான். அதைச் செய்பவர்கள் குறைவு என்பது வேறு விஷயம்.

சாயங்காலம் மேல்தளத்துக் கூடத்தில் நாங்கள் எல்லோரும் ஜீவனின் ஃபோனைச் சுற்றி நின்று வீடியோவில் பார்த்தோம். அந்த அறைக்குள் போனது எதுவும் வெளியே வரக்கூடாது என்பது விதி. தட்டு மாற்ற அதனால் தடையில்லை, இரண்டும் உள்ளேதானே இருக்கின்றன. லோகேஸ்வரி பட்டுப் புடவையில் இருந்தார். வாணியும் புடவையில்தான் இருந்தாள், பக்கத்தில் வாளியோடு. இருவரும் ஒரு கட்டிலிலிருந்து மறு கட்டிலுக்குத் தட்டுகளை மாற்றிக்கொண்டார்கள். அந்தப் பழங்களில் ஒன்றைக்கூட இருவராலும் தின்ன முடியாது.

மிச்சம் மோதிரம்தான். ஜீவன் போட வேண்டியது, அவருக்குப் பதிலாக அம்மா போட வேண்டும். லோகேஸ்வரி மோதிரத்தை எடுக்கப்போனவர் நிறுத்தி, குழாயடிக்குப் போய், சோப்புப் போட்டு முழங்கைவரை கழுவிவிட்டு வந்தார். ஈரக் கைகளை வாணியின் முகத்துக்கு நேரே நீட்டினார்.

“போதுமா, மிஸ்ஸி?”

நல்ல நேரம் முடியும் தறுவாயில் இருந்தது. இருவருக்கும் இருப்பது ஒரே நோய், இப்போது கழுவி ஒரு லாபமும் இல்லை என்பது வாணிக்கு எங்கள் எல்லோரையும்விட நன்றாகத் தெரியும். தலையை ஆட்டினால் முடிந்தது. அக்கா ஃபோனைப் பார்த்துக் கும்பிட்டாள்.

“கட்டைவிரல விட்டுட்டீங்க அத்தை.”

ஜீவன் கண்ணை மூடிக்கொண்டார். லோகேஸ்வரி தன் கட்டைவிரலைப் பார்த்தார். பிறகு திரையிலிருந்து மறைந்தார். குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. தண்ணீர் வெகுநேரம் ஓடியது.

“இனிமே முறுக்கு மாவ நீதான் பிசையணும், வாணிம்மா” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.